மிலிட்டரி ஜீப்புக்கு மறுபதிவு: நான் இரண்டு முறை போய் வந்த கதை

"எங்க தாத்தா காலத்து வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்கணும், என்ன பண்ணணும்?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நான் போனது எண்பதுகளின் கடைசியில், புது மோட்டார் வாகனச் சட்டம் வந்த புதிதில். பதினைந்து வருஷம் தாண்டிய சொந்த வண்டிகளை நேரில் கொண்டுபோய்க் காட்டிப் பதிவைப் புதுப்பிக்கச் சொன்னார்கள். அந்த ஆர்.டி.ஓ. ஆபீஸ் இருந்த ஊரையும் அதிகாரியின் பெயரையும் எழுத மாட்டேன். மரியாதைக்காக இல்லை. அந்தப் பெயரை என் கையால் எழுதப் பிடிக்கவில்லை.

அப்போது நான் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம், சித்தேரி மலையடிவாரத்தில் ஒரு சின்ன மருந்தகத்தில் நர்ஸ். இரண்டாம் உலக யுத்தம் முடிந்து ராணுவம் ஏலத்தில் விட்ட அந்த ஜீப்பை அப்பா வாங்கி, பிறகு என் பெயருக்கு மாற்றினார். கைப்பிடி போட்டுச் சுற்றினால்தான் கிளம்பும். ஆனால் எங்கள் பக்கத்து மலைப் பாதையில் பஸ் கிடையாது. வலி கண்ட பெண்களைக் கீழே இறக்க அது ஒன்றுதான் வண்டி. ஓட்டியவர் பொன்னுசாமி, மலையில் சாமை விதைக்கிறவர். அவர் மனைவி ராசாத்திக்கு அப்போது நிறைமாதம்.

காலையில் ஆறு மணிக்குக் கிளம்பினோம். நாற்பது கிலோமீட்டருக்கு மேல். கதவில்லாத வண்டி, வழியெல்லாம் புழுதி. பொம்மிடி தாண்டி இன்ஜின் சூடேறி, ஒரு கிணற்றடியில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றினோம். ஆபீஸுக்குப் போய்ச் சேர ஒன்பதே கால்.

அதிகாரி வந்து ஜீப்பைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. "சேசிஸ் நம்பரே தெரியல. இது வண்டியே இல்லம்மா, பழைய இரும்பு" என்றார். வேப்ப மரத்தடியில் நின்றவரைக் காட்டினார். "பெங்களூர்க்காரர். பழைய ஜீப்பா வாங்கிச் சேர்க்கிறார். வந்த விலைக்குக் கொடுத்துட்டுப் போங்க."

அந்தப் பெங்களூர்க்காரரின் கார் அன்று லாரியில் வந்து இறங்கியது. நாலு பேர் தள்ளித்தான் உள்ளே போனது. மதியத்துக்குள் அதற்குப் பதிவு முடிந்துவிட்டது!

விற்க மாட்டேன் என்றேன். "அப்ப வண்டி இங்கயே நிக்கட்டும். நம்பர் இல்லாத வண்டியை ரோட்டுல விட முடியாது." மலையில் நிறைமாதக்காரி இருக்கிறாள் என்று சொல்லிப் பார்த்தேன். "அதுக்கு நான் என்னம்மா பண்றது?" என்று உள்ளே போய்விட்டார். நாங்கள் பஸ்ஸில் திரும்பினோம்.

அந்த வாரமே ராசாத்திக்கு வலி வந்தது. கயிற்றுக் கட்டிலில் கிடத்தி, மாற்றி மாற்றித் தோள் கொடுத்து இறக்கினார்கள். மலையடிவாரத்துக்கு வரும்போதே குழந்தையின் இதயத் துடிப்பு நின்றிருந்தது. ராசாத்தி பிழைத்தாள். ஆண் குழந்தை. இதை எழுதும்போது எனக்கு வருவது துக்கம் மட்டும் இல்லை.

மறுவாரம் நான் தனியாகக் கிளம்பினேன். பொன்னுசாமி பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தார். "நீங்க வர வேண்டாங்க அண்ணே" என்றேன். "வூட்ல ஒக்காந்து என்னங்க பண்றது" என்று ஏறிக்கொண்டார்.

ஆபீஸ் முற்றத்தில் எங்கள் ஜீப்பின் சீட்டை ஒருவர் டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார். பெங்களூர்க்காரரின் ஆள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. பொன்னுசாமியைக் கைப்பிடி சுற்றச் சொல்லி, எனக்குத் தெரிந்த அளவுக்கு வண்டியை நானே ஓட்டிப்போய் வாசல் கேட்டுக்குக் குறுக்கே நிறுத்தினேன். உள்ளே இருந்த வண்டிகள் வெளியே போக முடியவில்லை, வெளியே நின்ற லாரிகள் உள்ளே வர முடியவில்லை. ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது.

அதிகாரி ஓடி வந்தார். "வண்டியை எடும்மா!"

"எந்த வண்டியை சார்? இது பழைய இரும்புன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"போலீஸைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க. இவர் குழந்தை எப்படிச் செத்துச்சுன்னு அவங்க முன்னாடியே சொல்றேன்."

சுற்றி நின்ற லாரி டிரைவர்கள் ஹாரனை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்கள். அதிகாரி அவர்களைப் பார்த்தார், பொன்னுசாமியைப் பார்த்தார். பியூனிடம் மண்ணெண்ணெய் கேட்டார். நேராகப் போய்க் குனிந்தார். முன் பம்பருக்குப் பின்னால், வண்டியின் இடது பக்க இரும்புச் சட்டத்தில் துணியால் நாலு தேய் தேய்த்தார். அங்கே பொறித்திருந்த நம்பர் பளிச்சென்று தெரிந்தது. தேடவே இல்லை அவர். எங்கே இருக்கும் என்று முதல் நாளே அவருக்குத் தெரியும்.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "வேலைதான் முடிஞ்சுதே, இனிமே கோபம் எதுக்கும்மா?"

பொன்னுசாமி பழக்கத்தில் அவரைக் கும்பிடக் கையைத் தூக்கினார். அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினேன். "வாங்க, போகலாம்."

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். கிளம்பும் முன்பே சேசிஸ் நம்பர் இருக்கும் இடத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்து, காகிதத்தில் பென்சிலால் அச்செடுத்துக்கொள்ளுங்கள். முடியாது என்றால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். துணைக்கு ஆள் கூட்டிப்போங்கள். வேலை முடிந்ததும் நன்றி சொல்லாதீர்கள். உங்கள் வண்டியைத்தான் உங்களிடம் திருப்பித் தந்திருக்கிறார்கள்.