பழைய மாணவர் பக்கத்தில் என் அண்ணன்

ஒருவன் என்ன வேலை பார்க்கிறான் என்பதை அவன் படித்த பள்ளிக்கூடம் ஏன் மாற்றி எழுத வேண்டும்? கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே இந்தக் கேள்வி என்னிடம் இருக்கிறது. பதில் கிடைக்கவில்லை. கோபம் மட்டும் கெட்டுப்போகாமல் இருக்கிறது, தாராளமாக உப்புப் போட்ட ஊறுகாய் மாதிரி.

நேற்றுத் தபாலில் பள்ளியின் ஆண்டு மலர் வந்தது. எங்கள் செஞ்சியில் ஆண் பிள்ளைகள் மட்டும் படிக்கும் தனியார் பள்ளி அது. என் கணவர் அங்கே படித்தவர். பழைய மாணவர்கள் யார் யார் என்னவாக இருக்கிறார்கள் என்று கடைசிப் பக்கங்களில் போடுவார்கள். என் கணவர் தாலுகா ஆபீசில் குமாஸ்தா. நல்ல குமாஸ்தா, வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. மலரில் ‘வருவாய்த் துறையில் பொறுப்பான பதவி வகித்து வருகிறார்’ என்று போட்டிருந்தது. காபி ஆறி ஆடை கட்டும் வரை அதையே படித்துக்கொண்டிருந்தார்.

“பாத்தியா, இன்னா அழகா எழுதியிருக்காங்க!”

“ம்” என்றேன். வருகிற திங்கட்கிழமை எங்கள் பையனை அதே பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போக வேண்டும். தாய், தகப்பன், பிள்ளை மூவரையும் தாளாளர் எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்பாராம். இந்தச் சமயத்தில் வீட்டில் சண்டை எதற்கு என்று ‘ம்’ மட்டும் போட்டேன். அதுவே அதிகமோ என்று பிறகு யோசித்தேன். குறைவோ என்றும் யோசித்தேன். நான் அப்படித்தான், பிள்ளைக்கு ஒரு தும்மல் வந்தாலும் நேற்று எண்ணெய் தேய்த்தது தப்பா, தேய்க்காமல் விட்டிருந்தால் தப்பா என்று இரண்டு பக்கமும் கவலைப்படுகிறவள்.

மலரைக் கையில் எடுத்தால் அச்சு மையும் பசையும் கலந்து ஒரு வாசனை வரும். அது மூக்கில் ஏறியதுமே எனக்குப் பச்சை மல்லாட்டை வாசனை கூடவே வந்துவிடும். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை, வெளியூர் வாசகிகளுக்காகச் சொல்கிறேன். பிறந்த வீட்டில் முதல்முறை அந்த மலரைப் பார்த்தபோது கூடம் முழுக்க மல்லாட்டை மூட்டைதான். நைனா, அதாவது எங்கள் அப்பா, ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து, விரலை வரிக்கு வரி நகர்த்தி, அண்ணன் பெயரைத் தேடினார். கண்டுபிடித்ததும் விரலை எடுக்கவே இல்லை.

அண்ணன் அந்தப் பள்ளியில் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தான். சுற்று மதில்மேல் கண்ணாடிச் சில்லு பதித்த பள்ளிக்கூடம். ராஜகிரிக் கோட்டையிலிருந்து இறங்கும் குரங்குகளுக்காக என்று சொல்வார்கள். குரங்குகள் ஒருநாளும் அதைச் சட்டை செய்ததில்லை, நாங்கள்தான் செய்தோம். போர்டு ஸ்கூலுக்குப் போகும் பெண்கள் எல்லாரும் அந்த மதிலைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவோம். உள்ளே பெரிய நிலக்காரர் வீட்டுப் பையன்கள் ஹாஸ்டலில் தங்கிப் படித்தார்கள். அண்ணன் வீட்டிலிருந்து நடந்து போய்ப் படித்தான். நன்றாகவே தேறினான். காலேஜுக்கு அனுப்ப நைனாவால் முடியவில்லை. தனியார் பஸ் ஒன்றில் கண்டக்டராகச் சேர்ந்தான்.

எங்களுக்கு அது குறையாகவே தோன்றவில்லை. அனந்தபுரத்தில் கிளம்பி, செஞ்சி வழியாகச் சேத்துப்பட்டு போய்த் திரும்பும் வண்டி. மதியம் திரும்பும்போது எங்கள் தெருமுனையில் விசில் ஊதுவான். நான் டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். வண்டி முழுசாக நிற்காது, ஊர்ந்துகொண்டே இருக்கும். டிரைவர், “இன்னா பாப்பா, இன்னிக்கும் கத்திரிக்காதானா?” என்று கேட்பார். ஒருநாள் ரசம் சிந்தி, ஜன்னலோரம் இருந்தவர் வேட்டியெல்லாம் நனைந்துபோனது. அதற்கும் அண்ணன்தான் திட்டு வாங்கினான்.

பள்ளியிலிருந்து விவரம் கேட்டு கார்டு வந்தது. அண்ணன் ‘பஸ் கண்டக்டர்’ என்று அழகான கையெழுத்தில் எழுதிப் போட்டான். மலரில் ‘போக்குவரத்து நிர்வாகத்தில் பணியாற்றுகிறார்’ என்று வந்தது. நைனா விரல் வைத்துக் காட்டியது அந்த வரியைத்தான்.

“இன்னாடா இது?” என்றாள் அம்மா.

“நாப்பது பேரை ஒரு வண்டியில அடைக்கிறேனே, அது நிர்வாகம் இல்லியாம்மா?” என்று சிரித்தான் அண்ணன்.

நாங்களும் சிரித்தோம். ஆனால் எங்கள் ஊர்ப் பக்கம் அந்த மலரைப் படிப்பவர்கள் பழைய மாணவர்கள் மட்டும் இல்லை. பெண்ணைப் பெற்றவர்கள்தான் முக்கியமாகப் படிப்பார்கள். தரகரைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு மலரை இரவல் வாங்கி, வயசுக்கும் சாதிக்கும் தோதான பையன்களைக் கோடு போட்டு வைப்பார்கள். பள்ளிக்கும் இது நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அப்படி எழுதுகிறார்கள் என்று நான் இன்றைக்கும் சொல்வேன்.

அனந்தபுரத்து மல்லாட்டை மண்டிக்காரர் ஒருவர் அண்ணன் பெயரின் கீழே கோடு போட்டுவிட்டார். ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டு, மனைவியையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு, பழக்கூடையோடு வீடு பார்க்கக் கிளம்பினார். பஸ்ஸில்தான் வந்தார். அண்ணன் வண்டியில்.

வண்டியில் நடந்ததை அன்றைக்கே டிரைவர் வந்து சொன்னார். கூடை பெரிசு, லக்கேஜ் டிக்கெட் போட வேண்டும் என்றிருக்கிறான் அண்ணன். மண்டிக்காரருக்கு மூக்குக்குமேல் கோபம். “நான் யார் வீட்டுக்குப் போறேன்னு தெரியுமா? உங்க டிபார்ட்மெண்டுல பெரிய ஆபீசர் வீடு. நீயெல்லாம் பள்ளிக்கூடத்துப் பக்கம் எட்டிப் பாத்திருந்தா இந்தப் பை மாட்டுற பொழப்புக்கு வந்திருப்பியா?” என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி கத்தியிருக்கிறார். அண்ணன் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தான். செஞ்சியில் இறங்கி, எங்கள் வீட்டுக்கு வழி கேட்டதும் அவனிடம்தான். வழியும் சொல்லியிருக்கிறான். வேறு என்ன சொல்வான்? வண்டி கிளம்ப வேண்டும்.

வீட்டில் அம்மா கேசரி கிளறியிருந்தாள். மண்டிக்காரர் கூடத்தைச் சுற்றிப் பார்த்து, “தம்பிக்கு ஆபீஸ் எங்க?” என்றார்.

“ஆபீஸா? வண்டியிலதான்” என்றாள் அம்மா. கள்ளமே இல்லாமல் சொன்னாள்.

“ஓ, இன்ஸ்பெக்ஷனா!”

அம்மா தலையாட்டினாள். இங்கிலீஷில் எது கேட்டாலும் அவள் தலையாட்டுவாள். அப்போது தெருமுனையில் விசில் கேட்டது. நான் பழக்கத்தில் கேரியரை எடுத்துக்கொண்டு ஓடினேன். மாப்பிள்ளை வந்துவிட்டார் என்று மண்டிக்காரரும் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு என் பின்னாலேயே வந்தார். படிக்கட்டில் காக்கிச் சட்டையோடு அண்ணன் கையை நீட்டிக்கொண்டிருந்தான்.

“நீயா?”

“நான்தாங்க. வெயில்ல நிக்காதீங்க, உள்ள போய் ஒக்காருங்க. டூட்டி முடிஞ்சு வந்துடறேன்.”

வண்டி போய்விட்டது. அதற்குப் பிறகு தெருவில் நின்று அவர் பேசியதை நான் எழுத மாட்டேன். நைனாவைப் பார்த்து, “அச்சுல பொய் போட்டு பொண்ணு பிடிக்கிற கும்பல்” என்றார் என்பது மட்டும் போதும். நைனா மல்லாட்டை எடை போடும் தொழிலில் இருந்தவர், பத்து மூட்டை கூடுதலாகக் காட்டு என்று ஒரு வியாபாரி சொல்லியும் செய்யாத மனிதர். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. பழக்கூடையை மறக்காமல் தூக்கிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் நைனா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, “படிச்சவ ஒருத்தி கூட இருந்தா நல்லது” என்று என்னையும் பள்ளிக்கு அழைத்துப் போனார். அந்த மதிலுக்குள் நான் காலெடுத்து வைத்தது அன்றுதான். தாளாளர் எங்களை உட்காரச் சொல்லவில்லை.

“எம் புள்ள கண்டக்டருங்க. அதையே போட்டிருக்கலாமே” என்றார் நைனா.

“உங்களுக்கு மரியாதைதானே பண்ணோம்? டாக்டரு, வக்கீலு, தாசில்தாருன்னு வரிசையா வர்ற எடத்துல கண்டக்டர்னு போட்டா, அடுத்த வருஷம் எவன் புள்ளைய அனுப்புவான்?”

“அப்ப பொய்யி போடலாமாங்க?”

“சரி. இனிமே போடல.”

சொன்னபடியே செய்தார். அடுத்த மலரில் அண்ணன் பெயரே இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. கார்டு வருவதும் நின்றது. பதினோரு வகுப்பும் அங்கே படித்தவன், படிக்காதவனாகிவிட்டான். செத்துப்போனவர்களுக்குக்கூட அந்த மலரில் கறுப்புக் கட்டம் போட்டு இடம் கொடுக்கிறார்கள்.

அண்ணனுக்குப் பிறகு கல்யாணம் ஆயிற்று. கண்டக்டர் என்று முதல் வார்த்தையிலேயே சொல்லிப் பெண் கேட்டோம். அண்ணி தங்கமானவள். ஆனால் அந்த மண்டிக்காரர் வந்த நாளிலிருந்து அண்ணன் தெருமுனையில் விசில் ஊதவில்லை. காலையிலேயே சோறு கட்டிக்கொண்டு போய்விடுவான். “எதுக்கு உனக்கு வெயில்ல ஓட்டம்?” என்றான். கொஞ்ச நாளில் லைனும் மாற்றிக்கொண்டான். இப்போது காஞ்சிபுரம் பக்கம் ஓடுகிறான். எப்போதாவது வருவான். வந்தால் என் பையனுக்கு முடிந்துபோன டிக்கெட் புத்தகத்தின் அட்டையைக் கொடுப்பான். அந்தப் பிள்ளைக்கு உலகத்திலேயே பெரிய ஆள் மாமாதான்.

போன மாதம் வந்தபோது பள்ளி விஷயத்தைச் சொன்னேன். அவனும் என்னோடு சேர்ந்து கோபப்படுவான் என்று நினைத்தேன். “சேத்துடு பாப்பா. பாடம் நல்லா சொல்லிக் குடுப்பாங்க. அந்தப் புஸ்தகத்தை மட்டும் வீட்டுக்குள்ள விடாத” என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தான். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மன்னித்துவிட்டானா, மறந்துவிட்டானா, எனக்காகச் சொன்னானா, தெரியவில்லை. நான் மன்னிக்கவில்லை.

இப்போது வீட்டில் ஒத்திகை நடக்கிறது. பெரியவனாகி என்ன ஆவாய் என்று தாளாளர் கட்டாயம் கேட்பாராம். அதே தாளாளர்தான்.

“டாக்டர் ஆவேன்னு சொல்லுடா” என்றார் என் கணவர்.

“கண்டக்டர் ஆவேன். மாமா மாரி.”

“டேய், அங்க வந்து இப்படிச் சொன்னா தொலைச்சிடுவேன்.” பிறகு என் பக்கம் திரும்பி, “உங்க அண்ணனைப் பத்திக் கேட்டா நீயும் பொதுவா சொல்லு. போக்குவரத்துல இருக்காருன்னா போதும். அது ஒண்ணும் பொய்யி இல்லியே” என்றார்.

என் கணவர் கெட்டவர் இல்லை. பிள்ளை முன்னேற வேண்டும் என்று ஆசைப்படுகிறார். ஊரில் அதைவிட நல்ல பள்ளியும் இல்லை. என் பழைய கோபத்துக்காக ஒரு பிள்ளையின் படிப்பைக் கெடுக்கலாமா என்று ஒருபக்கம் தோன்றுகிறது. மாமாவின் வேலையைச் சொல்லக் கூடாது என்று ஐந்து வயதிலேயே கற்றுக்கொண்டு உள்ளே போகிறவன், அங்கே வேறு எதைக் கற்று என்ன என்று இன்னொரு பக்கம் தோன்றுகிறது. நேற்றுச் சாயங்காலம் அவனே என் புடவையைப் பிடித்துக்கொண்டு, “ம்மா, கண்டக்டர்னு சொன்னா தப்பா?” என்று கேட்டான். அடுப்பில் வேலை இருப்பதுபோல் நடித்தேன்.

உங்களில் பிள்ளை பெற்றவர்கள் எனக்குச் சொல்லுங்கள். திங்கட்கிழமைக்குள் நான் அவனுக்கு என்ன பதில் சொல்லட்டும்?