கருகல் வாடை

மகள் வாங்கிக் கொடுத்த காரில் நானும் என் மனைவி வசந்தாவும் குடவாசலிலிருந்து கும்பகோணம் போய்க்கொண்டிருந்தோம். வழியில் ரோடு முழுக்க உளுந்துச் செடியைப் பரப்பியிருந்தார்கள். வண்டிகள் ஏறி மிதித்தால் காய் உடைந்து உளுந்து உதிரும்; பங்குனியில் எங்கள் பக்கம் போரடிப்பது இப்படித்தான். ஏற்றினேன். முன்னால் ஏதோ மறிக்கிறது என்று கார் கீச்கீச்சென்று அலறியது.

சென்சாரைக் குறை சொல்லும் ஆளில்லை நான். போன மாதம் பின்னால் எடுக்கும்போது, என் கண்ணுக்குத் தெரியாத கன்றுக்குட்டியைக் காப்பாற்றியது அதுதான். ஆனால் பக்கத்து சீட்டில் கத்தரிக்காய்ப் பையை வைத்தால் அதற்கும் பெல்ட் மாட்டச் சொல்லி உயிரை வாங்குகிறது.

காய்ந்த செடி சக்கரத்தடியில் நொறுங்கும் சத்தம் கேட்டதும் எனக்கு மகள் பிறந்த நாள் ஞாபகம் வந்தது. இதே ரோடுதான். அப்போது நான் ஒரு ரைஸ் மில்லில் டிரைவராக இருந்தேன். முதலாளியின் பழைய காரில் வசந்தாவைப் பிரசவத்துக்குக் கொண்டுபோனேன். பின் சீட்டில் அவள் அம்மா மடியில் படுத்து முனகிக்கொண்டிருந்தாள். உளுந்துச் செடியைத் தாண்டி ஒரு மைல் போயிருப்போம்.

"என்னங்க, ஏதோ கருகுது."

"உனக்கு இப்ப எல்லாமே நாறும். பேசாம படு."

"நிறுத்துங்கன்னா நிறுத்துங்க!"

உங்களிடம் சொல்வதற்கென்ன, பொடி போட்டுப் போட்டு என் மூக்கு அப்போதே செத்துவிட்டது. வலியோடு எழுந்து அவள் கதவில் கைவைத்த பிறகுதான் பிரேக்கை மிதித்தேன். குனிந்து பார்த்தால், சைலன்ஸரில் சுற்றிய செடி கனன்றுகொண்டிருந்தது. பார்க்கும்போதே பற்றிக்கொண்டது. அவளையும் மாமியாரையும் இழுத்து இறக்கினேன். வயலில் நின்றவர்கள் பம்புசெட்டுத் தண்ணீரைக் குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றினார்கள். பின்னால் வந்த பஸ்ஸில் அவளை ஏற்றிக்கொண்டு போனோம். சாயங்காலம் மகள் பிறந்தாள்.

இப்போதும் செடியைத் தாண்டியதும் ஓரங்கட்டினேன். எச்சரிக்கை விளக்கு ஒன்றும் எரியவில்லை. டயரில் காற்று சரி, இன்ஜின் சூடும் சரி. அடியில் என்ன சுற்றியிருக்கிறது என்று சொல்லத்தான் அதில் ஒன்றுமில்லை.

"வசந்தா, ஏதாவது வாடை வருதா?"

பழக்கத்தில் கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் உறைத்தது. அந்தப் பெருந்தொற்றுக் காய்ச்சல் வந்துபோனதிலிருந்து அவளுக்குப் பால் தீய்ந்தாலும் தெரியாது, மல்லிகையும் தெரியாது. இருந்தும் மூச்சை இழுத்தாள். மறுபடியும் இழுத்தாள்.

"தெரியலங்க."

அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. இரண்டு பேரும் அவசரமாக இறங்கி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தோம். கதவு திறந்திருக்கிறது என்று கார் கத்திக்கொண்டே இருந்தது. சைலன்ஸர் பக்கம் ஒரு பிடி செடி. குச்சியால் இழுத்துப்போட்டேன். நுனி கறுத்திருந்தது.

வசந்தா அதை எடுத்து முகர்ந்தாள். அன்றைக்கு எங்கள் நாலு பேரையும் காப்பாற்றிய மூக்கு.

"நீங்க பாருங்க" என்று என்னிடம் நீட்டினாள்.

எனக்கும் ஒன்றும் தெரியவில்லை.