பொம்மை போடாத சத்தம்

பத்தொன்பது வருடம் வார்டில் நின்ற நர்ஸ் அவர். இடுப்பு விட்டுப்போனதும், புதிதாகச் சேர்ந்த மருத்துவ மாணவர்களுக்கு முதலுதவி சொல்லித்தரும் அறைக்கு மாற்றிவிட்டார்கள். மூச்சு நின்றவரின் நெஞ்சை எப்படி அழுத்துவது என்று ஒரு ரப்பர் பொம்மையை வைத்துக் காட்ட வேண்டும். போதிய ஆழத்துக்கு அழுத்தினால் பொம்மை 'டிக்' என்று சத்தம் போடும்.

போட வேண்டும். அது வாயடைத்து இரண்டு வருடம் ஆகிறது. ஆபீசுக்கு எழுதி எழுதிக் கை ஓய்ந்ததுதான் மிச்சம். இப்போது மாஸ்க்குக்குள் நாக்கைத் தட்டி அவரே அந்தச் சத்தத்தைப் போடுகிறார். பிள்ளைகளுக்கு இது தெரியாது.

அன்று அது ஐந்தாவது குழு. முழங்கால் கெஞ்சியது, நாக்கு வறண்டிருந்தது. கடைசியாக வந்த நெட்டையன், பொம்மைக்கு வலிக்குமோ என்பதுபோலத் தடவிக்கொண்டிருந்தான். திருத்தத் தெம்பில்லை. ஆளை விட்டால் போதுமென்று 'டிக்' போட்டுவிட்டார்.

"வந்துடுச்சு சிஸ்டர்!" என்று துள்ளி எழுந்தான். பையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவன் திரும்பினான். "நிஜ ஆள அழுத்தினாலும் இந்தச் சத்தம் கேக்குமா சிஸ்டர்?"

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மறுபடி மண்டியிட்டார். மாஸ்க்கைக் கழற்றினார்.

"கேக்காது தம்பி. இந்தப் பொம்மையே சத்தம் போடாது, போட்டது நான். பைய வச்சிட்டு வந்து திரும்ப அழுத்து."

அழுத்தினான். ஒரு சத்தமும் வரவில்லை. அவன் நிமிர்ந்து அவர் முகத்தையே பார்த்தான்.

"என் வாய ஏன் பாக்கற?" என்றார். "நெஞ்சப் பாரு."