செனட்டருக்கு வோட்டுப் போட வந்தவர்

பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பலில் ஒரு பள்ளிக்கூட வாசல். ஞாயிற்றுக்கிழமை, கேற் பூட்டிக் கிடக்குது. மகளைப் பார்க்க மன்னாரிலிருந்து வந்த நான், கால் நோவுக்கு வாசலில் கிடந்த மர வாங்கில் இருக்கிறன். கோட்டுப் போட்ட நம்மட மனுசன் ஒருத்தர் வோட்டு அட்டையோடை நிக்கிறார்.

“இண்டைக்கு செனட்டர் தேர்தல், அக்கா. பிரஜாவுரிமை கிடைச்சு என்ரை முதல் வோட்டு எண்டு வந்தன். கவுன்சிலர்மார்தான் போடுறதாம், சனத்துக்கு இல்லையாம்.”

“நல்லது, இனி ஒரு அலைச்சல் மிச்சம்.”

அவர் சிரிக்கேல்லை. “என்ரை தம்பிக்கு இன்னும் விசா இல்லை. விசாச் சட்டங்கள் இந்தச் செனட்டர்மாரின்ரை கையிலையும் இருக்கு. நீங்கள் ஊரிலை போட்டிருக்கிறியளோ?”

“ஒவ்வொரு தரமும். எழுத்து வராது, வோட்டுத் தாளிலை புள்ளடிக் குறி வடிவாப் போடுவன்.”

“என்ன கண்டியள்?”

“காணாமல் போன மகனைத் தேடித் தாறன் எண்டவனுக்குப் போட்டன். தேடேல்லை. அவன்ரை வாசலிலை போய் நிண்டு, ‘நீ என்ரை புள்ளடியிலை வந்தவன், பிள்ளை எங்கை?’ எண்டு கேட்டனான். தலை குனிஞ்சவன்.”

அவர் அட்டையைக் கோட்டுப் பைக்குள் வைக்கிறார்.

“தம்பியைத் திருப்பி அனுப்பினால், நான் ஆரின்ரை வாசலிலை போய் நிக்கிறது, அக்கா?”

நான் தள்ளியிருந்து வாங்கில் அவருக்கும் இடம் விடுறன்.