பிரிகேடியருக்கு வைத்த நேர்த்தி

அமிர்தநாயகத்தாருக்கு ஒரு கல்வீடு இருந்தது. இருந்தது என்ன, இப்பவும் இருக்கிறது. வங்காலைக்கு அங்கால, கடலைப் பார்த்தபடி, நல்ல தண்ணிக் கிணற்றோடு. அதுக்குள்ளே ஆர் இருக்கிறது என்பதுதான் பிரச்சினை.

தொண்ணூறாம் ஆண்டுச் சண்டைக்குள்ளே மனுசி சலேத்தம்மாவை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு இந்தியாவுக்கு ஓடினவர் அவர். மண்டபம் அகதி முகாமில் தலை நரைச்சது. சண்டை முடிஞ்சுது, இனிச் சொந்த வீட்டில் கிடந்து சாகலாம் என்று திரும்பி வந்தால், வீட்டைச் சுற்றி முள்ளுக்கம்பி, வாசலில் துவக்கோடு காவல் சென்றி. அவருடையது மட்டுமில்லை, அந்தக் கரையில் பாதிக் காணி ஆமிக் காம்புக்குள்ளே. கம்பிக்கு வெளியே தகரக் கொட்டில் போட்டு இருத்திவிட்டு, அதுக்கு மீள்குடியேற்றம் என்று பெயரும் வைத்தார்கள். பெயருக்கு என்ன குறைச்சல்!

ஊரிலேயே பெரிய வீடு என்றபடியால் அதைக் காம்பின் பெரியவருக்கே ஒதுக்கியிருந்தார்கள். பிரிகேடியர் அப்புஹாமி. சும்மா சொல்லக்கூடாது, நல்ல மனுசன். அதுதான் வில்லங்கம். கெட்டவன் என்றால் மண்ணை அள்ளித் தூற்றிவிட்டாவது நித்திரை கொள்ளலாம்.

சிலாபக் கரையில் கரைவலை இழுத்த ஒருவரின் பிள்ளை அவர். மீசை அரும்பின வயதில் ஆமியில் சேர்ந்து, லெப்டினன்ட், கப்டன், மேஜர் என்று படிப்படியாக ஏறினவர். முழங்காலில் இரும்புத் துண்டு ஒன்று தைத்தபடி கேர்ணலானவர். வேதக்காரன், மாதாவைக் கும்பிடுகிறவர். சின்ன வயதில் தாயின் இடுப்பிலிருந்து மடு மாதா கோயிலுக்கு வந்தவர். தமிழும் தத்தித் தத்திக் கதைப்பார். அமிர்தநாயகத்தார் காலையில் கேற்றடிக்கு மீன் கொண்டு போனால், பாரையின் செவுளைத் தானே தூக்கிப் பார்த்து வாங்குவார்.

ஒருநாள் பிரிகேடியர் அவரை உள்ளே கூப்பிட்டார். தன் வீட்டு விறாந்தையில், ஆரோ கொண்டுவந்து போட்ட கதிரையில், விருந்தாளி மாதிரி நுனியில் குந்திக்கொண்டு தேத்தண்ணி குடித்தார் அமிர்தநாயகத்தார்.

"ஐயா, எனக்குக் குடுக்க விருப்பம்," என்றார் பிரிகேடியர். "ஆனா சைன் வைக்கிற கை எனக்கு மேல இருக்கு. நான் மேஜர் ஜெனரல் எண்டா ஏதாவது செய்யலாம்."

கெட்டுது குடி! மனுசன் மனசு நொந்து சொன்னதை, இவர் வந்து கொட்டிலில் நற்செய்தியாகச் சொன்னார். சலேத்தம்மா உடனே எழும்பிவிட்டா.

"அப்ப அவரை ஜெனரலாக்க வேண்டியதுதானே?"

"ஆக்கிறதோ? நானென்ன ஜனாதிபதியே?"

"மாதாவிட்டைக் கேப்பம். கேட்டு இல்லையெண்டு சொன்னவவே?"

சொன்னதுதான் தாமதம், கரை முழுக்கப் பற்றிக்கொண்டது. பிரிகேடியர் ஜெனரலானால் அவருடைய ஆள் உயரத்துக்கு மடுவில் மெழுகுதிரி கொளுத்துவதாக மாதாவுக்கு நேர்த்தி வைத்தார்கள். உயரத்துக்கு அளவு வேண்டுமே! அமிர்தநாயகத்தார் மீன் கொடுக்கிற சாட்டில் கேற்றுத் தூணோடு அவரை நிற்கவைத்து, தொப்பி முட்டின இடத்தைக் கண்ணால் குறித்து வைத்தார். பிறகு அளவில் தொப்பியின் உயரத்தைக் கழிக்கவேணுமோ இல்லையோ என்று ஒரு சண்டை. பின்னேரங்களில் மாதா சுரூபம் வைத்த கெபியடியில் செபமாலை. சிங்கள ஆமிக்காரனுக்குப் பதவி உயர்வு கேட்டு, வீடு பறிகொடுத்த தமிழ்ச் சனம் முழங்காலில் நின்றது. இந்தக் கூத்து உலகத்தில் வேறெங்கேயும் நடந்திருக்காது.

மாதா கேட்டதைக் கொடுத்தா. அடுத்த ஆடித் திருவிழாவுக்கு முன்னம் அவர் மேஜர் ஜெனரல். சனம் வெடி கொளுத்தினது. சலேத்தம்மா பொங்கல் பொங்கி ஓலைப்பெட்டியில் போட்டுக் கேற்றடிக்குக் கொடுத்தனுப்பினா. அமிர்தநாயகத்தார் மாலையோடு போனார்.

கேற்றடியில் வாகனம் தயாராக நின்றது. பெட்டி படுக்கையெல்லாம் ஏற்றியாகிவிட்டது.

"ஐயா, எனக்குக் கொழும்புக்கு மாற்றம்," என்றார் ஜெனரல். "மேல போனா இங்க இருக்க ஏலாதுதானே. வாற ஆளுக்குச் சொல்லிப்போட்டுத்தான் போறன்."

மாலை கையில் இருந்தது. போடாமல் விடுகிறது மரியாதையில்லை. போட்டார். ஜெனரல் இவருடைய கையைப் பிடித்தார்; கண் கலங்கியிருந்தது. வாகனம் போனபிறகும் இவர் அந்தத் தூணடியிலேயே நின்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே சாமியும் கொடுத்தது, பூசாரியும் நல்லவன், வீடு மட்டும் வரவில்லை.

"என்ர செலவில மெழுகுதிரி ஒண்டும் இல்லை!" என்று கொட்டிலுக்கு வந்து அமிர்தநாயகத்தார் கத்தினார்.

"மாதாவில என்ன பிழை? கேட்டது நாங்கள். ஜெனரலாக்கச் சொன்னனாங்கள், ஆக்கினவ. வீட்டைத் தரச்சொல்லி ஒருத்தரும் கேக்கேல்லையே!" என்றா சலேத்தம்மா. சொல்லிவிட்டு, சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதா. நேர்த்திக்கடன் கடன்தான். மெழுகுதிரியைக் கொளுத்தினார்கள், தொப்பியும் சேர்த்த உயரத்துக்கு.

அதுக்குப் பிறகு வந்த பிரிகேடியர் விறாந்தைக்குக் கூப்பிடவில்லை. அதுக்கும் அடுத்தவர் மீனும் வாங்கவில்லை. அரசாங்கக் கந்தோருக்குப் போனால் ஆமியைக் கேளுங்கோ என்றார்கள். ஆமியைக் கேட்டால் கந்தோருக்குப் போகச் சொன்னார்கள். அமிர்தநாயகத்தாரின் செருப்புத்தான் தேய்ந்தது.

சில வருசங்களுக்குப் பிறகு, மடுவில் ஆவணித் திருவிழா. கோயில் முற்றத்தில் வெள்ளைச் சாரமும் ஊன்றுகோலுமாக ஒருவர் நொண்டி நொண்டி வந்தார்.

"ஐயா, மீன் ஐயா! வீடு தந்தாச்சா?"

அப்புஹாமிதான். இளைப்பாறிவிட்டார்.

"இல்லை, சேர்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "கொழும்பிலயும் சைன் வைக்கிற கை எனக்கு மேலதான் ஐயா இருந்தது. இப்ப நான் ஒண்டுமில்லை. போன மாசம் வந்தனான், காம்ப் கேற்றுக்குள்ள விடேல்லை."

சலேத்தம்மா புருசனை விலக்கிக்கொண்டு முன்னுக்கு வந்தா. மண்டபம் முகாமால் திரும்பி வந்த நாளிலிருந்து அந்தக் கம்பிக்குள்ளே அவவின் கால் பட்டதில்லை.

"சேர், கிணத்துத் தண்ணி இன்னும் நல்ல தண்ணிதானோ?"

"நல்ல தண்ணி அம்மா. சீனி மாதிரி."

"குசினிக்குப் பின்னால ஒரு முருங்கை..."

"காத்துக்கு முறிஞ்சு, திரும்பத் துளிர்த்தது."

"சாமியறையில சுவரில ஒரு மாடம் இருக்கும்."

"அதில மாதா வைச்சு நான் ஒவ்வொரு நாளும் விளக்குக் கொளுத்தினனான், அம்மா."

"மழைக்கு எங்கையும் ஒழுகுதோ?"

"மேற்குப் பக்க அறை ஒழுகினது. ஓடு மாத்தினனான்."

அவ கேட்டுக்கொண்டே நின்றா, அந்த மனுசனும் அறை அறையாகச் சொல்லிக்கொண்டே நின்றார். பூசைக்கு மணி அடித்தது, ஒருவரும் அசையவில்லை.

பஸ்ஸில் வரும்போது, வங்காலைச் சந்தி தாண்டினதும் சலேத்தம்மா கம்பிப் பக்கம் எட்டிப் பார்த்தா. பிறகு சொன்னா:

"வீட்டை நல்லாத்தான் வைச்சிருந்திருக்கிறார், என்னப்பா?"

"ஓம்," என்றார் அமிர்தநாயகத்தார்.