அம்மா திருப்பி வைத்த வாக்குத்தத்த அட்டை

அந்துருண்டை வாசம் போகாத ஸ்வெட்டர்... வருஷப் பிறப்பு காலை ஆராதனை என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அதுதான். போத்தனூரில் அப்போதெல்லாம் ஜனவரியில் நன்றாகவே குளிரும். அம்மாவை ஒட்டி உட்கார்ந்துகொள்வேன்.

ஆராதனை முடிகிற நேரத்தில் வாக்குத்தத்த அட்டைகள் வரும். விசிட்டிங் கார்டு அளவுதான். ஒரு பக்கம் ரோஜாப்பூ, மறுபக்கம் வசனம். வசனம் தெரியாதபடி தாம்பாளத்தில் கவிழ்த்துப் போட்டு, பெஞ்ச் பெஞ்சாகக் கொண்டு வருவார்கள். ஜெபம் பண்ணிவிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். அந்த வருஷம் முழுக்க ஆண்டவர் நமக்குச் சொல்வது அதுதான் என்று எங்கள் ஆட்களுக்கு நம்பிக்கை. நல்ல வசனம் வந்தவர்கள் வாசலில் நின்று எல்லோருக்கும் காட்டுவார்கள். மற்றவர்கள் பைபிளுக்குள் வைத்துக்கொண்டு சீக்கிரமாகக் கிளம்பிவிடுவார்கள்.

நான் அஞ்சாவது படித்த வருஷம் அம்மா மாசமாக இருந்தாள். அட்டையை எடுத்தாள், பார்த்தாள்... சட்டென்று திருப்பி வைத்துவிட்டு வேறொன்றை எடுத்துக்கொண்டாள். அப்படிச் செய்யவே கூடாது. முதல் அட்டையில் துன்பம் என்ற வார்த்தை இருந்ததாம். இரண்டாவது, சந்தோஷத்தைப் பற்றிய வசனம். தாம்பாளம் பின் பெஞ்சுக்குப் போய்விட்டது.

அந்தச் சித்திரையில் குழந்தை இறந்தே பிறந்தது. பெண் குழந்தை.

வீட்டில் யாரும் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. அம்மா வழக்கம்போல சமைத்தாள், சர்ச்சுக்கு வந்தாள், பாட்டுப் பாடினாள். ஆனால் அடுத்த வருஷப் பிறப்பன்று தாம்பாளம் கிளம்பும்போது எழுந்து பின்பக்கம் போய்விட்டாள். அங்கே கேக் வெட்டி டீ ஆற்றும் வேலை. அதற்கடுத்த வருஷமும் அப்படித்தான். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் அவளை மெச்சிப் பேசி, டீ பொறுப்பை நிரந்தரமாகவே கொடுத்துவிட்டார்கள். எவ்வளவு நல்ல மனசு என்றார்கள். அம்மாவுக்கு நல்ல மனசுதான், ஆனால் அவள் அங்கே போனது பயத்தில்.

அப்புறம் ஒரு வருஷம் மெர்சி ஆன்ட்டி டீ போடும் இடத்துக்கே வந்துவிட்டார். எங்களுக்குப் பின் பெஞ்சில் உட்காருகிறவர், ஆர்.எஸ்.புரத்தில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை. மிச்சமிருந்த அட்டைகளோடு தாம்பாளத்தைக் கையில் வைத்திருந்தார். நான் கேக்குக்காக அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

"ஏனுங்க்கா, நீங்க எடுக்கறதே இல்லீங்களே?"

அம்மா ஏதேதோ சொல்லிச் சமாளித்துப் பார்த்தாள். முடியவில்லை. டீ வடிகட்டியைக் கையில் பிடித்தபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஆண்டவர் கொடுத்ததை வேண்டாம் என்று தள்ளினேன், அதற்குத்தான் பிள்ளையை எடுத்துக்கொண்டார், இனி எந்த முகத்தோடு அந்தத் தாம்பாளத்தில் கை வைப்பேன் என்று. அம்மா அழுது நான் பார்த்தது அன்றுதான். எனக்குக் கேக் வேண்டாம் போலாகிவிட்டது.

மெர்சி ஆன்ட்டி தாம்பாளத்தை டீ கிளாஸ்களுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அந்தக் கார்டு எனக்குத்தானுங்க்கா வந்துச்சு. துன்பத்துலயும் உங்கூடவே இருப்பேன்னு போட்டிருந்துச்சுங்க. நீங்க பாதி படிச்சதோட திருப்பி வெச்சுப்போட்டீங்க."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"கார்டு எங்கிட்ட வந்துருச்சு, சரிங்க. அவரு உங்கள உட்டுப்போட்டா எங்கூட வந்தாரு?"

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு ஓர் அட்டையை எடுத்தாள். அதைப் படிக்காமலே பைபிளுக்குள் வைத்துக்கொண்டு, மறுபடி டீ ஆற்றப் போய்விட்டாள்.

இப்போது தாம்பாளம் எல்லாம் வருவதில்லை. சர்ச் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு லிங்க் வருகிறது. தொட்டால் வசனம் வரும், கூடவே பின்னணி இசை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன வந்தது என்று எட்டிப் பார்க்கும் சுகம் போய்விட்டது.

இந்த வருஷப் பிறப்பன்று என் மகள் சோபாவில் படுத்தபடி லிங்கைத் தொட்டாள். வந்த வசனம் பிடிக்கவில்லை. மறுபடி தொட்டாள், இன்னொரு தடவையும் தொட்டாள். மெதுவாக அம்மா பக்கம் திரும்பினேன்.

அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"புடிக்கலீன்னா மாத்திக்க கண்ணு. அதுக்கெல்லாம் அவரு கோவிச்சுக்க மாட்டாரு."

தலையைக்கூட நிமிர்த்தவில்லை.