இடது பக்கத்துப் பை

ஆபீஸில் அவளுக்குப் பெயர் போலீஸ். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவளும் கோபித்துக்கொண்டதில்லை. வயரில்லாத இயர்போன் செய்கிற கம்பெனி அது. காதுக்குள் செருகும் இரண்டு சின்னத் துண்டுகளையும், அவை போனோடு வைத்திருக்கும் தொடர்பையும் சந்தேகப்படுவதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். ஒரு மாடல் கடைக்குப் போக வேண்டுமென்றால் கடைசித் தாளில் அவள் கையெழுத்து விழ வேண்டும்.

அந்தச் சந்தேகம் வேலை முடிந்த பிறகும் அவளை விடாது. பூட்டிய கதவைத் திரும்ப வந்து இழுத்துப் பார்ப்பாள். மருந்துக் கடையில் மாத்திரை அட்டையை வெளிச்சத்தில் பிடித்துத் தேதி படிப்பாள். அவளைப் பெண் கேட்டு வந்த இரண்டு பேரையும் விசாரித்தே விரட்டிவிட்டாள் என்று அவளுடைய அப்பா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். "என் பொண்ணு என்னையே பர்த் சர்ட்டிஃபிகேட் கேட்பா" என்பார். நாற்பத்துநாலு வயதில் அவள் தனியாகத்தான் இருந்தாள்.

அப்பா அதே ஊரின் மறுகோடியில், அவளுடைய தம்பி வீட்டில் இருந்தார். வீட்டுக்கு எதிரே பெரிய மைதானம். விடிந்ததும் அதை மூன்று சுற்று சுற்றுவார். காதில் அவள் கம்பெனி இயர்போன்தான், அவள் கொடுத்தது. ஒருநாள் காலை மூன்றாவது சுற்றில் விழுந்தார். எழுந்திருக்கவில்லை. "இதயம். விழும்போதே முடிஞ்சிருக்கும். அவருக்கே தெரிஞ்சிருக்காது" என்று டாக்டர் சொன்னார். எதையும் நம்பாதவள் அதை மட்டும் நம்பினாள்.

அவள் நம்பாதது அப்பாவின் போனை.

ஆஸ்பத்திரியில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்தார்கள். அவர் போட்டிருந்த பேன்ட், கண்ணாடி, இயர்போன், போன். பேன்ட்டைத் தொட மனம் வரவில்லை. போனை எடுத்துப் பார்த்தாள். ஆறு பத்திலிருந்து ஆறு பதினாறுக்குள் ஐந்து அழைப்புகள். ஐந்தும் தம்பி மனைவியிடமிருந்து. ஐந்தையும் அப்பா எடுத்திருந்தார். ஏழு நொடி, ஐந்து நொடி, ஒன்பது, நான்கு, ஆறு. அதோடு சரி. அவர் விழுந்தது ஆறே முக்காலுக்கு.

எடுக்காத அழைப்பு என்றால் அவளுக்குப் புரியும். ஐந்து முறை எடுத்து, ஐந்து முறையும் நொடிக்கணக்கில் வைத்துவிடுகிற மனிதர் ஒன்று கோபத்தில் இருக்கிறார், அல்லது கேட்கக் கூடாததைக் கேட்டிருக்கிறார்.

துக்கத்துக்கு வந்தவர்கள் கிளம்பிப் போன மறுநாளே கேட்டுவிட்டாள்.

"அன்னிக்குக் காலையில அஞ்சு தடவை கூப்பிட்டிருக்க. என்ன சொன்ன அவர்கிட்ட?"

தம்பி மனைவி தையல்காரி. மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். தைக்கவில்லை. "ஒண்ணும் சொல்லல அண்ணி. எடுத்தார், 'ஹலோ ஹலோ'ன்னார். நான் பேசப் பேச வச்சிட்டார்."

"அஞ்சு தடவையுமா?"

"அஞ்சு தடவையும்தான்."

"முந்தின நாள் ஏதாவது சண்டையா?"

தம்பி மனைவி கையிலிருந்த நூலைப் பார்த்தாள். "டிவி சத்தத்தைக் குறைங்க மாமான்னு கொஞ்சம் கத்திட்டேன். பிள்ளைக்குப் பரீட்சை."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

தம்பி எழுந்து வந்தான். "அக்கா, இது வீடு. உன் லேப் இல்ல."

"உண்மை தெரியற வரைக்கும் இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்டா" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள். யாரும் தடுக்கவில்லை. அதையும் ஒரு சாட்சியாக எடுத்துக்கொண்டாள்.

ஏழு நொடியில் எவ்வளவு பேசலாம்? வீட்டில் கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு பேசிப் பார்த்தாள். 'இனிமே இந்த வீட்டுப் பக்கம் வராதீங்க' என்று சொல்ல இரண்டு நொடிகூட ஆகவில்லை. 'உங்களால எனக்கு நிம்மதியே இல்ல' என்பதற்கு அதைவிடக் குறைவு. நான்கு நொடி மிச்சமிருந்தது. அந்த மிச்சத்தில் தம்பி மனைவி என்னென்ன சொல்லியிருக்கலாம் என்று ஐந்து மாதம் யோசித்தாள். யோசிக்க யோசிக்க வாசகங்கள் மோசமாகிக்கொண்டே போயின. அப்பாவின் நம்பர் வேறு யாருக்கும் போய்விடக் கூடாதென்று அதை உயிரோடு வைத்திருந்தாள். அது அவளுக்குத் தடயம்.

ஒரு செவ்வாய்க்கிழமை தம்பி போன் செய்தான். வேலை மாற்றமாம், மாசக் கடைசியில் வேறு ஊருக்குப் போகிறார்களாம். "வர்றதுன்னா இந்த ஞாயித்துக்கிழமை வா அக்கா. வராட்டி இதோட விட்டுடலாம். அவ அஞ்சு மாசமா சரியாத் தூங்கல. நானும் அலுத்துப்போயிட்டேன்."

"குத்தம் இருக்கிறவங்கதான் தூங்க மாட்டாங்க" என்றாள். அவன் வைத்துவிட்டான். தனக்கு மிச்சமிருக்கும் சொந்தம் அது ஒன்றுதான் என்பது அவன் வைத்த பிறகுதான் உறைத்தது. அதற்காகச் சந்தேகத்தை விட்டுக்கொடுக்க முடியுமா? ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்து நாள் பாக்கி இருந்தது.

மறுநாள் ஆபீஸில் ஆன்டெனாக்காரர் அவள் மேசையில் வந்து சாய்ந்தார். இயர்போனுக்குள் அலை பிடிக்கும் கம்பியை வடிவமைப்பவர் அவர். வாங்கியவர்களிடமிருந்து புகார்கள் வந்திருந்தன.

"எல்லாம் காலையில நடக்கிறவங்க, ஓடுறவங்க. பாட்டு நல்லா வருதாம். யாராவது கூப்பிட்டா மட்டும் விட்டு விட்டு வருதாம், இல்ல கேக்கவே இல்லையாம்."

"போன் பழசா இருக்கும். இல்ல காதுல அழுக்கா இருக்கும்."

"என்ன மேடம், போலீஸே குத்தவாளிக்கு ஜாமீன் கேக்குது?" என்று சிரித்தார். "பாட்டை நாம கொஞ்சம் முன்னாடியே வாங்கிச் சேத்து வச்சிக்கிறோம். நடுவுல அறுந்தாலும் ஓட்டிடலாம். பேச்சை எப்படிச் சேத்து வைக்க முடியும்? வர வரக் கேட்டாத்தான் உண்டு."

அது அவளுக்குப் புதுச் செய்தி இல்லை. ஆனால் 'விட்டு விட்டு' என்ற சொல் அவளைப் பிடித்துக்கொண்டது. அப்பா அதே சொல்லைச் சொல்லியிருந்தார். இயர்போன் கொடுத்த இரண்டாவது வாரம். "பாட்டெல்லாம் ஜோரா இருக்கும்மா. உன் தம்பி பொண்டாட்டி கூப்பிட்டா மட்டும் விட்டு விட்டு வருது."

"அது மெஷின் கோளாறு இல்லப்பா. அவ பேச்சே அப்படித்தான்" என்று இவள் சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அந்த மாடலின் சோதனைத் தாளை எடுத்தாள். அந்த இயர்போனில் வலது துண்டுதான் மூத்தது. போனோடு பேசுவது அதுதான். தான் வாங்கியதை இடதுக்குக் கைமாற்றிவிடும். இந்த அலைக்குத் தண்ணீர் ஆகாது. மனித உடம்போ பெரும்பகுதி தண்ணீர். போன் ஒரு பக்கமும் மூத்த துண்டு மறுபக்கமும் இருந்தால் உடம்பே குறுக்கே நிற்கும். அறைக்குள் அது தெரியாது. சுவர்கள் அலையைத் திருப்பி அடித்து எப்படியாவது கொண்டுவந்து சேர்த்துவிடும். திறந்த வெளியில் திருப்பி அடிக்க ஒன்றும் கிடையாது. மணி, தட்டல் போன்ற சின்னச் செய்திகள் போய்ச் சேரும் வரை திரும்பத் திரும்ப அனுப்பப்படும், பேச்சுக்கு அந்த வசதி இல்லை.

தாளில் தலைப்பொம்மையை வைத்துச் செய்த சோதனை இருந்தது. அதற்குத் தலை மட்டும்தான், இடுப்பு கிடையாது. அடுத்து அவளே காதில் மாட்டிக்கொண்டு தாழ்வாரத்தில் நாற்பது முறை நடந்த சோதனை. 'போன் இருக்கும் இடம்: வலது பை.' நாற்பது வரியிலும் அதேதான். அளவெடுக்கும் பெட்டியை இடது இடுப்பில் மாட்டுவது அந்த லேபின் வழக்கம். அதனால் போன் எப்போதும் வலதில். யாரும் அதைக் கேள்வி கேட்டதில்லை. அவளும்தான். கீழே அவள் கையெழுத்து.

அப்பா இடக்கைக்காரர்.

வீட்டுக்குப் போய் பிளாஸ்டிக் பையை அவிழ்த்தாள். பேன்ட்டின் இடது பக்கத்தில், கடையில் வாங்கும்போது இல்லாத ஒரு பை இருந்தது. உள்ளே தள்ளி, ஜிப் வைத்து, போன் அளவுக்குக் கச்சிதமாகத் தைத்த பை. நெருக்கமான சின்னத் தையல். யார் கை என்று விசாரிக்க வேண்டியிருக்கவில்லை.

அதற்குப் பிறகும் அவள் நம்பவில்லை. காகிதத்தில் பொருந்துவது வேறு, நடந்து பார்ப்பது வேறு.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு மைதானத்தின் நடுவில் நின்றாள். காதில் அப்பாவின் இயர்போன், இடது பையில் அப்பாவின் போன். தன் போனில் தம்பி மனைவியைக் கூப்பிட்டாள்.

"நான்தான். மைதானத்துல நிக்கிறேன். அப்பா நம்பருக்குக் கூப்பிடு."

"யார் நம்பருக்கு அண்ணி?"

"அப்பா நம்பருக்கு. கூப்பிட்டு, நான் சொல்ற வரைக்கும் பேசிக்கிட்டே இரு."

காதில் மணி அடித்தது. வலது துண்டைத் தட்டினாள். "அண்... ங்க... ரா..." அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. "ஹலோ" என்றாள். "ஹலோ, ஹலோ." வெறும் காற்று. தட்டி வைத்துவிட்டாள். போனை எடுத்துப் பார்த்தபோதுதான், வைக்க வேண்டும் என்று தான் நினைக்கவே இல்லை என்பது புரிந்தது. கை தானாக வைத்திருந்தது. ஆறு நொடி.

மறுபடி மணி அடித்தது. இந்த முறை ஐந்து நொடி.

மூன்றாவது முறை போனை வலது பக்கத்துக்கு மாற்றிக்கொண்டு தட்டினாள். தம்பி மனைவியின் குரல் பக்கத்தில் நிற்பது மாதிரி வந்தது. "ஏன் அண்ணி எடுத்து எடுத்து வைக்கிறீங்க? அவரும் இப்படியேதான் பண்ணார்... என்னால முடியல அண்ணி."

"அவர் கோபத்துல வைக்கல" என்றாள். "அவருக்கு நீ பேசினது கேக்கவே இல்ல. ஒரு வார்த்தைகூடக் கேட்டிருக்காது."

அந்தப் பக்கம் வெகு நேரம் அழுகை மட்டும் கேட்டது.

"என்ன சொல்லக் கூப்பிட்ட அன்னிக்கு?" விசாரணையாக இல்லாமல் தம்பி மனைவியிடம் இவள் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

"மழை வர்ற மாதிரி இருட்டிக்கிட்டு இருந்துச்சு. குடை எடுக்காமப் போயிட்டார். திரும்பி வாங்க மாமான்னு... அப்படியே முந்தின நாள் கத்தினதுக்கும் ஒரு வார்த்தை சொல்லிடலாம்னு. குடைன்னு ஆரம்பிச்சா சொல்றதுக்குச் சுலபமா இருக்கும்னு நெனச்சேன்."

இவள் சுருக்கமாக விளக்கினாள். அலை, உடம்பு, இடது பக்கம், திறந்த வெளி. பேசி முடிப்பதற்குள் தம்பி மனைவியின் குரல் மாறியது.

"அப்போ... அந்தப் பைதானா அண்ணி? நான்தான் தைச்சுக் கொடுத்தேன். இடது கைக்குத் தோதா இருக்கட்டும், போன் கீழ விழாம இருக்கட்டும்னு. நானா செஞ்சதா அது?"

ஐந்து மாதமாக அவள் எதிர்பார்த்துக்கொண்டிருந்த வாக்குமூலம் தானாக வந்து நின்றது. பேசாமல் இருந்தால்கூடப் போதும், அது ஒட்டிக்கொள்ளும்.

"இல்ல" என்றாள். "அவர் இடக்கைன்னு உனக்கு ஞாபகம் இருந்துச்சு, தைச்ச. நான் வலது பையில மட்டும் வச்சுப் பாத்துட்டு நல்லா இருக்குன்னு கையெழுத்துப் போட்டேன். அவர் விட்டு விட்டு வருதுன்னு என்கிட்ட சொன்னார். நான் உன்னை வச்சுக் கிண்டல் பண்ணிச் சிரிச்சேன். தப்பு என்னோடது."

எதிர்முனையில் பெட்டி ஒட்டும் டேப்பைக் கிழிக்கும் சத்தமும், யார் போனில் என்று தம்பி கேட்பதும் கேட்டன. "அண்ணிதான்" என்றாள் அவள். பிறகு, மெதுவாக: "வாங்க அண்ணி. டீ போடறேன். கப்பெல்லாம் பெட்டியில கட்டியாச்சு, டம்ளர்லதான் குடிக்கணும்."

"வர்றேன். வைக்காத."

வீட்டை நோக்கி நடந்தாள். பாதி மைதானம் தாண்டியதும், ஒருமுறைக்கு இரண்டு முறையாகப் பார்த்துவிடலாம் என்று போனை எடுத்து இடது பைக்கு மாற்றினாள். குரல் துண்டு துண்டானது, நின்றது. எடுத்து மறுபடி வலது பக்கம் வைத்தாள்.

"அண்ணி? அண்ணி, இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்றாள். "நீ பேசு."